கறுப்புக்குள் எத்தனை நிறங்கள்: போலந்தின் கிளோஸ்டர்கெல்லர் இசைக்குழு



இந்த அறக்கட்டளை உரையில் உலக இசையிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது வார்சாவில் பிறந்த ஒரு ராக் இசைக்குழு. கிளோஸ்டர்கெல்லர் என்று பெயர். 1988ஆம் ஆண்டின் முதல் நாளைத் தங்கள் தொடக்க நாளாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். கோதிக் ராக் என்ற இசைவகையைப் போலிஷ் மொழியில் வேரூன்றச் செய்தவர்கள் யார் என்று அந்த நாட்டு ரசிகர்களைக் கேட்டால், பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1990 முதல் 2017 வரை பத்து ஸ்டூடியோ ஆல்பங்கள் வந்தன. பத்துக்கும் நிறங்களின் பெயர்தான். முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் இருக்கும் ஒரே ஆள், பாடகி ஆன்யா ஆர்த்தோடாக்ஸ்.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். பங்க் இசைக்குப் பின் வந்த குளிர்ந்த ஒலியில் தொடங்கினார்கள், ஹார்டு ராக் பக்கம் போனார்கள், மின்னணு இசையைத் தொட்டுப் பார்த்தார்கள், மெட்டலில் வந்து நின்றார்கள் என்று. அந்தக் கோட்டில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஏன் அப்படி மாறினார்கள் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஒவ்வோர் ஆல்பத்திலும் அந்தப் பெண்ணின் குரல் எங்கே நிற்கிறது, கருவிகளுக்கு உள்ளேயா, முன்னாலா, மேலேயா என்று கேட்டுப் பாருங்கள். கிட்டார் தடித்ததும் மெலிந்ததும், கீபோர்டு விரிந்ததும் ஒதுங்கியதும், அந்தக் குரலுக்கு இடம் பண்ணிக் கொடுக்கத்தான் என்பது விளங்கும். இன்று நான் வாதாட வந்திருப்பது இதற்காகத்தான்.

முதலில் கோதிக் ராக் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1979இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்துக் குழுவான பௌஹவுஸ், 'பேலா லுகோசீஸ் டெட்' என்ற ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டை வெளியிட்டது. பங்க் இசையின் வேகத்தையும் கூச்சலையும் கழித்துவிட்டு, எலும்பை மட்டும் எதிரொலியில் நிறுத்தியது போன்ற ஒலி. சூசி அண்ட் த பான்ஷீஸ், த க்யூர், த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி ஆகியோரின் பாட்டுகளோடு சேர்ந்து அது ஒரு வகையாகத் திரண்டது. 1982இல் லண்டனின் சோஹோ பகுதியில் பேட்கேவ் என்ற கிளப் திறந்தபோது, கறுப்பு உடையும் கண்மையும் அதற்கு ஓர் அடையாளமாக வந்து ஒட்டிக்கொண்டன.

உடையை விட்டுவிட்டு ஒலியைப் பார்ப்போம். சாதாரண ராக் பாட்டில் பேஸ் கிட்டார் அடியில் கிடந்து தாளத்துக்குத் துணை செய்யும். இங்கே அது மேலே ஏறி வந்து மெட்டையே தூக்கிக்கொண்டு நடக்கும். கிட்டார் முழு ஸ்வரக்கட்டாக முழங்காமல், ஒவ்வொரு தந்தியாக உதிரும். அதன் வழியில் கோரஸ் என்ற பெடல் ஒன்றை வைப்பார்கள். அது கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரிக்கும். ஒன்றை ஏறக்குறைய விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தையும் சீராக வைக்காமல் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தப் பிரதியின் சுருதி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பிறகு இரண்டையும் சேர்த்து வெளியே விடும். ஒரே கிட்டார், சுருதி பிசகிய இரண்டாவது கிட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவதுபோல் கேட்கும். குளத்து நீருக்கு அடியில் தெரியும் படிக்கட்டு அசைவதுபோல் இருக்கும் அந்த ஓசை. கிளோஸ்டர்கெல்லரின் தொடக்ககாலப் பாட்டுகளில் அது தாராளமாகவே உண்டு.

இது இங்கிலாந்தில் பிறந்த சரக்குதானே, போலந்துக்காரர்கள் வாங்கி உடுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. போலிஷ் இலக்கியத்தின் தலைமகன் ஆடம் மிட்ஸ்கியேவிச். அவருடைய 'ஜ்யாடி' என்ற நாடக வரிசையின் நடுவில் இருப்பது, இறந்தவர்களை இரவில் அழைத்துச் சோறு படைக்கும் கிராமத்துச் சடங்கு. 1967இல் வார்சா தேசிய நாடக அரங்கில் மேடையேறிய அதை 1968இல் அரசு நிறுத்தச் சொன்னது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். இன்றும் நவம்பர் 1ஆம் தேதி அந்த நாட்டில் ஊர் ஊராக மக்கள் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் விளக்கேற்றி வைக்கிறார்கள். இறந்தவர்களோடு பேசுவது அங்கே குடும்ப வழக்கம், பள்ளிப் பாடம். இப்படிப்பட்ட மண்ணில் இந்த இசை விழுந்தால் முளைக்காமல் என்ன செய்யும்?

அரசியல் நிலைமையும் அதற்கு ஏற்றதாக இருந்தது. 1981 டிசம்பர் 13ஆம் தேதி போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. 1983 ஜூலை வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் இளைஞர்கள் மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே பெரிய திறப்பு, யரோச்சின் என்ற சிறு நகரத்தில் கோடைதோறும் நடந்த ராக் விழா. பாடல் வரிகளைத் தணிக்கை அலுவலகத்துக்குக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. மேடையில் ஏறியதும் வேறு வரிகளைப் பாடியவர்களும் உண்டு. பிட்கோஷ்ச் நகரத்தின் வரியேத்தே, ஜெஷூஃப் நகரத்தின் '1984', க்ராகுஃப் நகரத்தின் மேட் இன் போலந்து ஆகிய குழுக்கள் குளிர் அலை என்று அங்கே சொல்லப்பட்ட இசையை வாசித்தன. எல்லாவற்றுக்கும் உச்சம், புவாவி நகரத்தின் ஷெகியேரா குழு 1986இல் வெளியிட்ட 'நோவா அலெக்சாந்திரியா'. ரஷ்யப் பேரரசு ஆண்ட காலத்தில் அந்த ஊருக்கு வைத்திருந்த பெயர் அது. இயந்திரம் போன்ற தாளம், மிகக் குறைந்த சொற்கள், அணிவகுப்பு போன்ற ஓட்டம். அந்த ஆல்பத்தை இன்று கேட்டாலும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

கிளோஸ்டர்கெல்லர் இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வந்தவர்கள். 1980களின் கடைசியில் அவர்களும் யரோச்சின் மேடையில் ஏறினார்கள். ஆனால் அவர்களுடைய முதல் ஆல்பமான 'பர்ப்பிள்' வந்தது 1990இல். 1989 ஜூன் தேர்தல் முடிந்துவிட்டது. தணிக்கை அலுவலகத்தை மூடும் சட்டமும் 1990இல்தான் வந்தது. இந்தப் பொருத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஷெகியேராவின் இருட்டுக்கு எதிரில் ஓர் அரசு நின்றது. ஆன்யா ஆர்த்தோடாக்ஸ் பாட வந்தபோது அந்த எதிரி விலகிக்கொண்டிருந்தான். அதனால் அவர் தம் பாட்டை உள்ளே திருப்பினார். அச்சம், உடைமை வெறி, துரோகம், ஒருத்தர்மேல் ஒருத்தர் செலுத்தும் ஆதிக்கம் ஆகியவை அவருடைய பொருளாயின. பின்னாளில் 'சயான்' ஆல்பத்தில் வந்த 'வ்வாஜா' என்ற புகழ்பெற்ற பாட்டின் பெயருக்கே அதிகாரம் என்றுதான் பொருள். போலிஷ் ராக் இசையில் அதிகாரம் என்றால் கட்சியும் காவலரும் என்றிருந்த காலத்திலிருந்து, இரண்டு மனிதர்களுக்கு நடுவில் நடப்பது என்ற இடத்துக்கு வந்தது சின்ன நகர்வு அல்ல.

'பர்ப்பிள்' ஆல்பத்தில் அந்தக் குரல் கருவிகளுக்குள்ளேயே இருக்கிறது. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கீபோர்டும் ஒரு சின்ன அறையில் நெருக்கியடித்து வாசிப்பதுபோல் ஒலிப்பதிவு. அந்த நெரிசலுக்குள்ளிருந்து கூர்மையான, சற்றே கடுகடுத்த ஒரு பெண் குரல் வெளியே வர முட்டுகிறது. பான்ஷீஸ் குழுவின் பாடகி சூசியின் சாயல் என்று சிலர் அப்போது சொன்னார்கள். தொடக்கத்தில் இருந்திருக்கலாம். ஆனால் 1992இல் வந்த 'புளூ' ஆல்பத்திலேயே அந்தச் சாயல் மங்கத் தொடங்கிவிட்டது. கீபோர்டு அகலமாக விரிந்து, குரல் அதன்மேல் நிதானமாக நடக்கக் கற்றுக்கொண்டது.

இந்த இடத்தில் வானொலியைச் சொல்லாமல் நகர முடியாது. போலந்து வானொலியின் நிகழ்ச்சிகளில் மேற்கத்திய ஆல்பங்களை முழுதாக ஒலிபரப்பும் வழக்கம் இருந்தது. வெளிநாட்டு இசைத்தட்டு கடையில் கிடைக்காத நாட்டில், கேட்கிறவர்கள் தங்கள் கேசட்டில் பதிந்துகொள்ளட்டும் என்று இடைவெளி விட்டு, நடுவில் பேசாமல் போடுவார்கள். ஒரு தலைமுறையே இப்படித்தான் இசை கற்றது. அந்த அறிவிப்பாளர்களில் தோமாஷ் பெக்ஷின்ஸ்கி என்பவர் தனித்து நின்றவர். கொடுங்கனவு ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற ஸ்ஜிஸ்வாஃப் பெக்ஷின்ஸ்கியின் மகன். திரைப்பட மொழிபெயர்ப்பாளரும்கூட. நள்ளிரவு நிகழ்ச்சிகளில் பௌஹவுஸ் வகை இசையைப் போட்டு, பாடல் வரிகளைத் தாமே போலிஷில் ஆக்கி மெதுவாகப் படித்துக் காட்டுவார். கிளோஸ்டர்கெல்லரை முழு மனத்தோடு ஆதரித்தவர் அவர். ஆன்யாவின் நண்பர். 1999 டிசம்பரில், 41ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 2016இல் வந்த 'ஓஸ்தாத்னியா ரொஜினா' என்ற படம் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறது. அவருடைய சாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். பதின்ம வயதுப் பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு இரவில் காது கொடுக்கக் கற்பித்தவர் என்பதையும் அதே அளவுக்குப் பேசவேண்டும் என்பது என் ஆசை.

இனி, 1993இல் வந்த 'வயலட்'. இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும். பாவெல் பியெச்சின்ஸ்கியின் கிட்டார் பாட்டுக்கு முதுகெலும்பாக வருகிறது. உதிர்ந்துகொண்டிருந்த தந்திகள் சேர்ந்து முழங்குகின்றன. 'பாபெலூ', 'அக்னியெஷ்கா' ஆகிய பாட்டுகளால் குழு தன் சின்ன வட்டத்தைத் தாண்டி நாடறிந்த பெயராயிற்று. ஆனால் விற்ற கேசட்டுகளின் கணக்கை வைத்து இந்தப் புகழை அளக்க முடியாது. புதிய பதிப்புரிமைச் சட்டம் 1994 பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரை போலந்தின் நடைபாதைகளில் மடக்குக் கட்டில்களை விரித்து, கள்ளப் பதிவுக் கேசட்டுகளைப் பட்டப்பகலில் விற்றார்கள். வார்சாவின் பழைய பத்தாண்டு விளையாட்டரங்கமே ஒரு பெருஞ்சந்தையாக மாறியிருந்தது. எத்தனை வீடுகளில் 'வயலட்' ஒலித்தது என்பதை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைத்திருக்க மாட்டார்.

அந்த ஆல்பத்தின் பெரிய சாதனையாக நான் கருதுவது மொழியைக் கையாண்ட விதத்தை. போலிஷ் மொழியில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் கடைசிக்கு முந்திய அசையில் விழும். வார்-ஷா-வா என்று நடுவில் அழுத்திவிட்டு, கடைசி அசையைத் தளர விடவேண்டும். ஆங்கில ராக் பாட்டின் மெட்டோ, வரியின் கடைசி அசையில் ஓங்கி அடித்து முடிவதற்காகப் பழகி வந்தது. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அங்கே அது எளிது. போலிஷில் அப்படி முடிக்கப் போனால் ஓரசைச் சொல்லைத் தேடி அலைய வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தைக் கோணலாகப் போட வேண்டும். பல போலிஷ் குழுக்கள் இதில் தடுமாறின. ஆன்யா அந்தத் தளர்ந்த கடைசி அசையை மறைக்கப் பார்க்கவில்லை. அழுத்தமான அசையில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, கடைசி அசையை இழுத்துக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கி விடுகிறார். வரிக்கு வரி குரல் ஏறி இறங்கும் ஒரு வடிவம் அப்படி உண்டாகிறது. அந்த இறக்கத்தில்தான் துயரம் தங்குகிறது. இங்கிலாந்துக் குழுக்களில் இதை நான் கேட்டதில்லை. அவர்கள் மொழியில் இதற்கு இடம் குறைவு.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 'சயான்', 'கிராஃபைட்' ஆகிய ஆல்பங்களுக்கு ஆங்கிலப் பதிப்பும் வெளியிட்டார்கள். வெளிநாட்டுச் சந்தையை எட்டிப் பார்க்கும் முயற்சி. மெட்டு அதே, வாசிப்பு அதே. ஆனால் ஆங்கிலத்தில் அந்த இறக்கம் இல்லை. வரிகள் நறுக்கென்று முடிந்துவிடுகின்றன. நல்ல பாட்டுகள்தான், ஆனால் பிடிப்பு போய்விடுகிறது. குழு தன் நாட்டு எல்லைக்கு வெளியே பெரிதாகப் பரவாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் குரலின் பலமெல்லாம் அந்த மொழியின் உடம்பில் இருந்தது.

1995இன் 'ஸ்கார்லெட்', 'வயலட்' போன பாதையிலேயே இன்னும் அழுத்தி நடந்தது. 1996இன் 'சயான்' மூச்சு விட்டுக்கொண்டது. கிட்டார் பின்வாங்கி, மிஹாவ் ரோல்லிங்கரின் கீபோர்டுக்கு இடம் தந்தது. 1999இன் 'கிராஃபைட்' ஆல்பத்தில் மின்னணுத் தாளங்களும் கணினியில் செதுக்கிய ஒலிகளும் நுழைந்தன. 'ச்சாஸ் கோமெட்டி' என்ற பாட்டு வானொலியில் நன்றாகவே ஓடியது. கோதிக் ரசிகர்களில் ஒரு சாரார் அப்போது முகம் சுளித்தார்கள். எனக்கோ, அந்தக் குரல் மிகவும் விடுதலையாக ஒலிக்கும் ஆல்பம் அதுதான். தாளத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்போது, பாடகி தாளத்துக்கு முந்தியும் பிந்தியும் விளையாட முடிகிறது. கிசுகிசுத்து, பேசி, உடனே கத்தி, மறுபடி அடங்கி என்று அவர் செய்வதெல்லாம் முந்திய ஆல்பங்களில் இந்த அளவுக்கு இல்லை.

2003இல் 'நெரோ' வந்தது. கறுப்பு என்று பெயர் வைத்து, கிட்டாரைக் கனமாக்கி, மெட்டலின் வாசலுக்கே போய்விட்டார்கள். விட்டுப்போன ரசிகர்கள் உண்டு. சந்தைக்கு விலைபோனார்கள் என்று எழுதியவர்களும் உண்டு. காலத்தைக் கவனித்தால் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். 1990களின் பிற்பகுதியில் பின்லாந்தின் நைட்விஷ் போன்ற குழுக்கள் மெட்டலையும் பெண் குரலையும் சேர்த்து ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றிருந்தன. போலந்திலேயே ஜெலோனா குரா நகரத்தின் ஆர்த்ரோசிஸ், ஷ்செச்சின் நகரத்தின் மூன்லைட் ஆகிய குழுக்கள் பெண் குரலை முன்வைத்து வளர்ந்திருந்தன. ஆனால் 'நெரோ'வைக் கேட்டால் அந்த அலையோடு அது சேரவில்லை என்பது தெரியும். நைட்விஷ் வகைக் குழுக்களில் குரல் ஓப்பரா முறைப்படி கிட்டாருக்கு மேலே மிதக்கும். கிட்டார் தன் பாட்டுக்குக் கீழே ஓடும். ஆன்யா மிதப்பதே இல்லை. மார்பிலிருந்து வரும் கனத்த குரலால் கிட்டாரோடு மோதுகிறார். 'வயலட்' காலத்திலிருந்தே அவருடைய குரல் தடித்துக்கொண்டு வந்திருந்தது. பழைய மெல்லிய கோரஸ் கிட்டாரை அதன் அருகில் வைத்தால் குரல் அதை விழுங்கிவிடும். குரல் வளர்ந்துவிட்டது, கருவிகளும் அதற்கு ஈடுகொடுத்து வளர வேண்டியிருந்தது. விலைபோனார்கள் என்ற சொல்லை நான் ஏற்கவே மாட்டேன்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கிட்டார்காரர்களும் டிரம்ஸ் வாசித்தவர்களும் வந்தார்கள், போனார்கள். பல காலம் நிலைத்து வாசித்தவர்கள் ரோல்லிங்கர், பேஸ் வாசித்த க்ஷிஷ்டோஃப் நாய்மான் போன்ற சிலர்தாம். ஒவ்வொரு புதுக் கிட்டார்காரரும் தம் கையோடு ஒரு புது ஒலியைக் கொண்டுவந்தார். பாடகி அதை அடக்கிப் பழைய வடிவத்துக்குள் திணிக்கவில்லை. அடுத்த நிறம் என்று பெயரிட்டு அதற்கு ஓர் ஆல்பத்தைக் கொடுத்தார். ஒரு குழுவை முப்பது ஆண்டு உயிரோடு வைத்திருக்கும் ஆளுமை இது. ராக் உலகில் ஒரு பெண் தலைமையேற்று, ஆட்களைச் சேர்த்து, சம்பளம் பார்த்து, வண்டி பிடித்து, இத்தனை ஆண்டு ஓட்டுவது எவ்வளவு அரிது என்பதை இங்கே இருக்கும் இசைக்கலைஞர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வண்டி பிடித்து என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. இலையுதிர்காலம் வந்தால் 'அப்ரகதப்ரா கோதிக் டூர்' என்ற பெயரில், வேறு குழுக்களையும் சேர்த்துக்கொண்டு, போலந்தின் நகரங்களைச் சுற்றி வருவது அவர்களுடைய வழக்கமாயிற்று. கல்லறை விளக்குகள் எரியும் பருவம். பெருநகரங்களோடு நிற்காமல் சிறு ஊர்களின் கிளப்புகளுக்கும் போனார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஆன்யா நீளமாகப் பேசுவார். அந்தப் பேச்சுக்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கீழ் சைலீசியாவின் குரோஜெட்ஸ் கோட்டையில் 1994இல் சிறியதாகத் தொடங்கிய காசில் பார்ட்டி என்ற விழா, 1997 முதல் போல்குஃப் என்ற சிற்றூரின் இடிந்த கோட்டைக்கு மாறியது. ஜூலை மாதத்தில் அந்த ஊரின் சரிவான தெருக்களில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த கறுப்புடைக்காரர்கள் நடந்துபோவார்கள். யரோச்சின் பழைய விழா 1994இல் நின்றுபோன பிறகு, இந்த இசைக்கு என்று ஒரு வீடு இப்படித்தான் கிடைத்தது.

'நெரோ'வுக்குப் பிறகு அடுத்த ஆல்பத்துக்கு ஆறு ஆண்டு ஆனது. 2009இல் 'ஔரும்', 2011இல் 'போர்தோ'. இரண்டிலும் மாரியுஷ் குமாவாவின் கிட்டார். 'ஔரும்' எல்லா நிறங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தது. கனமும் உண்டு, மென்மையும் உண்டு. 'போர்தோ' அதைவிட அடங்கியது, சோகம் மிக்கது. தனியாக இருந்து கேட்க வேண்டியது. பிறகு மறுபடி ஆறு ஆண்டு இடைவெளி. 2017இல் 'விரிடியன்'. அதில் குரல் முன்போல எட்டுவதற்குப் போராடவில்லை. வயது ஏறிய குரலுக்குரிய கரகரப்பை மறைக்காமல், நடு ஸ்தாயியில் நிலைத்து நின்று, சொற்களை அழுத்திப் பாடுகிறது. பின்னால் கிட்டார் கனமாகவே இருக்கிறது. ஆனால் மோதல் இல்லை.

கேட்கத் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கு: ஆண்டு வரிசையில் போகாதீர்கள். 'வயலட்' ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அடுத்து நேராக 'கிராஃபைட்', போலிஷ் பதிப்பு. பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரியின் கடைசி அசையை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகு 'பர்ப்பிள்' ஆல்பத்துக்குத் திரும்புங்கள். அந்தச் சின்ன அறைக்குள் முட்டிக்கொண்டிருந்த குரல் எது என்று அப்போது உங்களுக்கே அடையாளம் தெரிந்துவிடும்.